ஆறாவது துண்டு

டிரைவர் தனக்கென்று எதையும் கேட்டுப் பல மாதங்களாகிவிட்டன. பக்கவாதம் வந்து இடது கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காமல் போன நாளிலிருந்து, சோறு வைத்தால் சாப்பிடுவார், வைக்க மறந்தால் அதற்கும் ஒன்றும் சொல்லமாட்டார். இருபது வருடம் ஊரையே திட்டிக்கொண்டு பஸ் ஓட்டிய மனிதர், வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கக்கூட யோசித்தார். அவர் மனைவிக்கு நோயைக்கூடத் தாங்கிக்கொள்ள முடிந்தது. இந்த ஊமைத்தனத்தைத்தான் தாங்க முடியவில்லை.

மனைவி ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் பெரிய துவைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்பவள். அங்கே வாட்ச்மேனிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லோருக்கும் அவள் 'மெஷின் அக்கா'தான். மெஷினும் அவளும் ஒரே மாதிரி சத்தம் போடுவார்கள் என்பதும் ஒரு காரணம்.

அவளுடைய தம்பி, மூடிப்போன ஏதோ ஆபீஸிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கிவந்து, அதில் பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றைப் போட்டு, ஸ்டியரிங்கும் கியரும் மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். டிரைவர் ஒரு வாரம் அதன் பக்கம் திரும்பவில்லை. பிறகு ஒருநாள் அவள் வேலை முடிந்து வந்தபோது வாசலுக்கே அவர் குரல் கேட்டது.

"இது பஸ்ஸா? இதுக்குப் பேரு பஸ்ஸா? ஸ்டியரிங் இடது பக்கம், கதவு அந்தப் பக்கம், கியர் வலது கையில! எவன்டா இதைச் செஞ்சான்?"

அந்தத் திட்டு அவள் காதில் தேனாக விழுந்தது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று கேட்டாள். அவர் அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"மாட்னு ஒண்ணு இருக்காம். விளையாட்டுக்குள்ள புதுசா வண்டி, ரோடு எல்லாம் சேக்கிறது. உன் தம்பிதான் சொன்னான். நான் ஓட்டின பஸ்ஸையே அச்சு அசலா எவனோ ஒரு புண்ணியவான் செஞ்சு சும்மாவே குடுக்கிறானாம். கியர் இடது கையில. அது… கிடைக்குமா?"

"கிடைக்கும்" என்றாள் மெஷின் அக்கா. அது கிலோ கணக்கா லிட்டர் கணக்கா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

வீட்டில் இணையம் கிடையாது. அவளிடம் இருந்தது பட்டன் போன். மறுநாள் அவள் நேராகப் போய் நின்றது லிப்ட்காரரிடம். நாளெல்லாம் மேலும் கீழும் போய்வந்தே பாதி ஆயுளைக் கழித்த அவர், கையிலிருக்கும் போனில் எப்போதும் ஏதாவது ஒரு வண்டியை நேராக ஓட்டி விளையாடிக்கொண்டிருப்பார். அவர் தேடிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இருக்குக்கா. ஆனா யானை சைஸ். ஆறு துண்டாப் பிரிச்சு வெச்சிருக்கான். நம்ம டேட்டா பேக்ல இறக்கினா சம்பளம் பூரா அதுக்கே போயிடும். கீழ விசிட்டர் ஹால்ல இலவச வைஃபை இருக்கில்ல, அது ஒரு நம்பருக்கு மாசத்துல ஒரே ஒரு தடவை, அரை மணி நேரம் விடும். அதுல ஒரு துண்டுதான் வரும். ஆறு துண்டுக்கு ஆறு போன் வேணும்."

ஆறு போனுக்கு அவள் அலையவேண்டியிருக்கவில்லை. துணி மடிக்கும் டேபிளில் விஷயத்தைச் சொன்னதுதான் தாமதம், ஆளாளுக்குப் போனை நீட்டினார்கள். மாட் என்றால் என்னவென்று ஒருவருக்கும் தெரியாது. "டிரைவர் அண்ணனுக்குத்தானே? மருந்தா இருந்தா என்ன, பஸ்ஸா இருந்தா என்ன" என்றாள் மடிப்புக்காரி.

மதிய இடைவேளையில் எல்லோரும் விசிட்டர் ஹாலில் வரிசையாக உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டு, மூச்சுகூட மெதுவாக விட்டார்கள். அந்த முகங்களைப் பார்த்துவிட்டுப் புதிதாக வேலைக்கு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி அருகில் வந்து, "கவலைப்படாதீங்க, நல்லபடியா வந்துடுவாங்க" என்று ஆறுதல் சொன்னாள். மடிப்புக்காரி கண்ணைத் துடைத்துக்கொள்வது போல முந்தானைக்குள் சிரித்தாள்.

எல்லாத் துண்டுகளையும் லிப்ட்காரர் ஒரு பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தார். அன்று காலையே மெஷின் அக்கா வீட்டில் தம்பட்டம் அடித்துவிட்டுத்தான் வந்திருந்தாள். "சாயங்காலம் உங்க பஸ் வருது" என்று. அவள் திரும்பி வந்தபோது, மேசையின் வலது பக்கம் இருந்த கியரை டிரைவர் ஒற்றைக் கையாலேயே கழற்றி இடது பக்கம் மாட்டிவைத்திருந்தார்.

பென் டிரைவைச் செருகினார். திரையில் பச்சைக் கோடு நகர்ந்து நகர்ந்து, கிட்டத்தட்ட முடியும் இடத்தில் நின்றது. ஆறாவது துண்டைக் கொடு என்று கேட்டது. ஆறாவது துண்டு இல்லை.

"அஞ்சு இருக்கே! கடைசி சீட்டு இல்லாட்டி பஸ் ஓடாதா?"

"ஓடாது" என்றார் டிரைவர். "பரவால்ல. விடு" என்று அணைத்துவிட்டார்.

கத்தியிருந்தால்கூட அவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். அதற்குப் பிறகு அவர் கம்ப்யூட்டரைத் தொடவேயில்லை. அதன் மேல் ஈரத் துண்டைக் காயப்போட்டார்.

தவறு எங்கே என்று லிப்ட்காரர் கண்டுபிடித்தார். இரண்டு பேர் மூன்றாம் துண்டையே இறக்கியிருக்கிறார்கள். பென் டிரைவில் ஏற்றும்போது, இது ஏற்கெனவே இருக்கிறது, மாற்றவா என்று கேட்டதாம். லிப்ட் வாசலில் ஸ்ட்ரெச்சர் காத்திருந்த அவசரத்தில் படிக்காமலே சரி என்று அமுக்கிவிட்டாராம். "என் தலையில நானே கொட்டிக்கணும்கா. அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க" என்றார்.

அடுத்த மாதம்வரை டிரைவரின் ஆசை தாங்காது என்பது அவளுக்குத் தெரியும். இப்போதே பாதி செத்துவிட்டது. சலவைப் பிரிவில் இந்த மாதம் அந்த இலவச வைஃபையை இன்னும் பயன்படுத்தாத போன் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அது இஸ்திரி அக்காவுடையது.

இஸ்திரி அக்காவும் அவளும் ஒருகாலத்தில் ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்கள். டிரைவர் காலை டிரிப்பில் பாதி வழியில் பஸ்ஸிலேயே மயங்கிச் சாய்ந்து, இதே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிரிவே திரண்டுவந்து பார்த்தது. இஸ்திரி அக்கா மட்டும் மாடி ஏறவில்லை. அதற்குப் பிறகு எதிரில் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். சரி, போ என்று மெஷின் அக்காவும் பேச்சை நிறுத்திவிட்டாள். மெஷின் அக்கா தன் வாழ்க்கையில் பேசாமல் விட்ட ஒரே ஆள் இஸ்திரி அக்காதான்.

மானம் மரியாதை எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு இஸ்திரி அறைக்குள் நுழைந்தாள். "உன் போன் வேணும்" என்றாள், மொட்டையாக.

எதற்கு என்று இஸ்திரி அக்கா கேட்கவில்லை. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "நானே இறக்கறேன். நானே கொண்டுவந்து தர்றேன். வீட்டுக்கு… வரலாமா?"

இவ்வளவு நாள் வராதவளுக்கு இப்போது என்ன அனுமதி என்று மெஷின் அக்காவுக்கு நாக்கு நுனிவரை வந்தது. காரியம் கெட்டுவிடும் என்று விழுங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் இஸ்திரி அக்கா வந்தாள். உள்ளே வரச்சொல்லியும் கதவருகிலேயே நின்றாள். டிரைவர் ஆர்வமில்லாமல்தான் அவள் போனை ஒயரில் மாட்டினார். பச்சைக் கோடு நகர்ந்தது. போன தடவை நின்ற இடத்தைத் தாண்டியது. முடிந்தது. கொஞ்ச நேரத்தில் திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஸ்டியரிங் வலது பக்கமாக, முன்கண்ணாடியில் நடுவில் ஒரு கம்பியோடு, அவர் பஸ் நின்றது.

திடீரென்று இஸ்திரி அக்கா உடைந்துபோனாள்.

"அண்ணே, அன்னிக்கு நான் அந்த பஸ்ல இருந்தேன். மூணாவது சீட்டு. நீங்க ஓரமா நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுட்டு அப்படியே சாஞ்சீங்க. கண்டக்டர் கத்திக்கிட்டே ஓடி வந்தாரு. பின்னாடியே வேற பஸ் வந்துச்சு. லேட்டானா அரை நாள் சம்பளம் பிடிப்பாங்கன்னு நான் ஏறிப் போயிட்டேன்ணே. நீங்கன்னு தெரிஞ்சும் போயிட்டேன். அப்புறம் எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உங்களை வந்து பாக்கறது?"

மெஷின் அக்காவுக்கு உச்சந்தலைவரை சுர்ரென்று ஏறியது. வாயைத் திறந்தாள். அதற்குள் டிரைவர் நாற்காலியோடு திரும்பினார். அவர் முகம் அவள் பயந்த மாதிரி இல்லை.

"எல்லாருக்கும் வேற பஸ் கிடைச்சுதா?" என்று கேட்டார்.

இஸ்திரி அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"நிறைய ஆளு இருந்தாங்க அன்னிக்கு. கைக்குழந்தையோட ஒரு அம்மா வேற ஏறியிருந்தாங்க. யாரும் விழலையே? அடிகிடி படலையே? பாதி வழியில எல்லாரையும் விட்டுட்டேனே, என்ன ஆச்சோ, எப்படிப் போய்ச் சேர்ந்தாங்களோன்னு… யார்கிட்ட கேக்கிறது? அந்த பஸ்ல வந்தவங்க யாருன்னு எனக்கு என்ன தெரியும்?"

"யாருக்கும் ஒண்ணுமில்லண்ணே" என்றாள் இஸ்திரி அக்கா அழுதுகொண்டே. "அந்தக் குழந்தை தூங்கிக்கிட்டு இருந்துச்சு. முழிக்கக்கூட இல்ல. அவ்வளவு பதமா நிறுத்துனீங்க."

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியது. இத்தனை மாதமும் அவர் வாயை அடைத்துக்கொண்டிருந்தது இதுதானா என்று மெஷின் அக்கா அப்படியே நின்றாள். கேட்டிருக்கலாம். கம்பெனி என்ன சொன்னது, டாக்டர் என்ன சொன்னார் என்றெல்லாம் கேட்டவளுக்கு, இதைக் கேட்கத் தோன்றவேயில்லை. அவள் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையின் பக்கம் திரும்பினார். வலது கையால் இடது கையைத் தூக்கிக் கியர் மேல் வைத்தார். விரல்கள் பிடிக்கவில்லை, வழுக்கி விழுந்தன. மறுபடி வைத்தார். உதவப்போன மனைவியை ஒரு பார்வையால் நிறுத்தினார். மூன்றாவது முறை கை முழுவதையும் அழுத்தி ஒரு தள்ளு தள்ள, கியர் விழுந்தது. பஸ் முனகிக்கொண்டு நகர்ந்தது.

"எங்க இறங்கணும்?" என்று கேட்டார், திரும்பாமலே.

"ஆஸ்பத்திரிண்ணே."

"இந்த ஊர்ல ஆஸ்பத்திரி எங்க இருக்குன்னு தெரியல. தேடிப் பாப்போம். ஏறி உக்காருங்க, படியில நிக்காதீங்க."

மெஷின் அக்கா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்குப் பின்னால் போட்டாள். இஸ்திரி அக்கா அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நுனியில் உட்கார்ந்தாள். மெஷின் அக்காவுக்குக் கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமுடியாது. கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. அதோடேயே அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"டீ போட்டுக் கொண்டுவர்றேன். நடுவுல எங்கயும் இறங்கிடாதே."