வேம்புலி விழ வேண்டும்

என் வீட்டுக்காரருக்கு ஒருத்தன் மூச்சிரைத்துக் கீழே விழுந்தால் போதும் என்றிருந்தது. அதற்காக ஜெபம்கூடப் பண்ணினார். நம்புவீர்களோ மாட்டீர்களோ, முழங்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, இந்த மாசமாவது அவங்க பலவீனப்படட்டும்" என்று கேட்டார். பக்கத்தில் முழங்காலில் நின்ற எனக்கு ஆமென் சொல்ல வாய் வரவில்லை.

அவர் பெயர் கிறிஸ்துதாஸ். பட்டணத்தில் ஒரு வைத்தியக் கல்லூரியில் உடலியல் டெமான்ஸ்ட்ரேட்டர், லெக்சரருக்கு ஒரு படி கீழே. மற்ற டாக்டர்கள் நோய் வந்த உடம்பைப் படிப்பார்கள். இவருக்கு நோயில்லாத உடம்பின்மேல்தான் பைத்தியம். உழைக்கும்போது நாடி எப்படித் துடிக்கிறது, உட்கார்ந்தபின் எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது, இதையே வருஷக் கணக்காக அளந்துகொண்டிருந்தார். கல்யாணமான புதிதில் என்னையே மாடிப்படியில் ஏற்றி இறக்கி, மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷன். நான் வேறு எதற்கோ கையைப் பிடிக்கிறார் என்று வெட்கப்பட்டுத் தொலைத்தேன்.

ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியானபோது நாங்கள் ஆவடிக்கு வந்து ஒரு ஓட்டுவீட்டைப் பிடித்தோம். பயம் தெளிந்து மற்றவர்கள் திரும்பிப் போனார்கள், நாங்கள் போகவில்லை. இவர் ரயிலில் போய் வந்தார். கோவில்பதாகைக்கு அப்பால் வயல்களை எடுத்துக்கொண்டு யுத்தத்துக்காக ஒரு சரக்குக் கிடங்கு போட்டிருந்தார்கள். அதுவரை ஏர் ஓட்டினவர்கள் அங்கே மூட்டை தூக்கினார்கள். கூலி கிடக்கட்டும், கூலியோடு வாராவாரம் அரிசி அளந்தார்கள். பர்மா அரிசி நின்றுபோய், கையில் காசிருப்பவனே கிழங்கு தேடி அலைந்த காலம் அது. அந்த அரிசிக்காகத்தான் அத்தனை பேரும் அங்கே போய்க் கிடந்தார்கள்.

அந்த அரிசியில் நாலில் ஒரு பங்கைக் குறைத்துவிடலாம் என்று கிடங்குத் துரைக்கு யோசனை வந்தது. இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. யாரும் கேட்காமலே, குறைத்தால் ஆட்கள் வேலைக்கு ஆகமாட்டார்கள் என்று எழுதிப் போட்டார். துரை கூப்பிட்டனுப்பினான். "இருபது பேரை உன்னிடம் விடுகிறேன். மூன்று மாசம் அவர்களுக்கு மட்டும் குறைக்கிறேன். அவர்கள் தளர்ந்துவிட்டதாகக் காட்டு, யாருக்கும் குறைக்கமாட்டேன். காட்டாவிட்டால் எல்லோருக்கும் குறைப்பேன்." பேச்சு அவ்வளவுதான். இவர் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அரிசி குறைந்தால் உடம்பு தளரும், இதற்கு ஒரு பரீட்சையா, ஜெயித்தாயிற்று என்றார். அன்றைக்கு எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

பரீட்சை என்பது இதுதான். முழங்கால் உயரத்துக்கு ஒரு மரப்பெட்டி. பக்கத்தில் தாளம் தட்டுகிற கடிகாரம் டக் டக்கென்று அடிக்கும். அந்த அடிக்குத் தகுந்தபடி பெட்டிமேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும், ஐந்து நிமிஷம். முடியாதவன் நடுவில் நின்றுவிடலாம். பிறகு உட்காரவைத்து நாடி பார்ப்பார், சீக்கிரம் அடங்கினால் உடம்பில் பலம் இருக்கிறது என்று அர்த்தம். கேட்பதற்குக் குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். ஏறிப் பார்த்தால் தெரியும் சங்கதி.

முதல் தடவை இருபது பேரில் ஒருவன் மட்டும் நடுவில் நின்றான். கங்காதரன் என்று பெயர். அடுத்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது, வேலைக்கு வரவில்லை, மேஸ்திரி அவன் பெயரை அடித்துவிட்டான். காய்ச்சலுக்கும் பெட்டிக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் அதுவரை கிடங்கில் எந்தப் பரீட்சை வைத்தாலும், மார்பு அளந்தாலும் மூட்டை தூக்கச் சொன்னாலும், தேறாதவனை வீட்டுக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். மிச்சம் பத்தொன்பது பேருக்கும் புரிந்துவிட்டது. பெட்டியில் நின்றால் சீட்டுக் கிழியும்.

இவருக்கு அது புரியவில்லை. ஒரு மாசம் போயிற்று. நாடி நன்றாக அடங்கியது. இரண்டாம் மாசம் இன்னும் நன்றாக அடங்கியது. வேம்புலி என்று ஒருத்தன், எங்கள் வீட்டுக்கு வறட்டி கொண்டுவந்து போடும் பூங்காவனத்தின் புருஷன், பட்டாளத்துக்காரன் மாதிரி ஏறி இறங்குகிறான் என்று வந்து புலம்பினார். குறைவாகத் தின்று எப்படி ஒருத்தன் பலமாவான்? கடிகாரத்தைச் சந்தேகித்தார், பெட்டியின் உயரத்தைத் திரும்ப அளந்தார், கடைசியில் தன் விரலையே சந்தேகித்தார். அந்த ராத்திரிதான் நான் சொன்ன ஜெபம். மூன்றாம் மாசமும் ஒருவனும் நிற்கவில்லை.

பூங்காவனம் அப்போது எட்டு மாசக் கர்ப்பிணி. காலையில் வறட்டியைப் போட்டுவிட்டு, "மாட்டுக்குக் கொஞ்சம் வடிகஞ்சி குடும்மா" என்று சட்டியை நீட்டுவாள். சோறு வடித்த கஞ்சி கீழேதானே போகப்போகிறது என்று ஊற்றுவேன். ஒருநாள் துணி உலர்த்தக் கொல்லைப்பக்கம் போனவள் பார்த்தேன், வேலிக்கு அந்தப்பக்கம் நின்று சட்டியோடு குடித்துக்கொண்டிருந்தாள்.

"மாடு எங்கேடி?" என்றேன்.

துடைத்துக்கொண்டு சிரித்தாள். "நாந்தாம்மா மாடு."

"உங்க வீட்டு அரிசி என்ன ஆச்சு?"

"எங்கூட்டு ஆம்பளைக்குப் போட்டுட்றேன். பொட்டி ஏறணுமில்ல? என் பங்கு, மாமியா பங்கு, அல்லாம் அதும் தட்லதான். நடுவுல நின்னுட்டா கங்காதரனுக்குக் கீச்சாமாரி மேஸ்திரி சீட்டக் கீச்சிடுவான். அப்பால மொத்தமா பட்டினி. எங்க தெருவுல பொட்டி ஏறுற அல்லா ஊட்லயும் இதே கூத்துதாம்மா."

உள்ளே இழுத்துக்கொண்டு வந்து சோறு போட்டேன். இரண்டு வாய் தின்றுவிட்டு மிச்சத்தை முந்தானையில் முடிந்துகொள்ளப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டு, தின்று முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் இவரிடம் சொன்னேன். "குறைச்ச அரிசியை வீட்ல எல்லாரும் சமமா சாப்பிடுவாங்கன்னுதானே கணக்குப் போட்டேன்" என்றார்.

"நீங்க சாப்பிட்டு எழுந்தப்புறம் சட்டியில என்ன மிச்சம் இருக்குன்னு என்னைக்காவது எட்டிப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டேன். பெரிய ஆராய்ச்சி. சோற்றுப்பானைப் பக்கமே வராத ஆராய்ச்சி.

மறுநாளே துரையிடம் ஓடினார். நடந்ததையெல்லாம் சொன்னார். துரை கேட்டுக்கொண்டு, "நான் ஆட்களுக்குத்தான் தீனி போடுகிறேன், அவர்கள் பெண்டாட்டிகளுக்கு அல்ல. ஆள் தளரவில்லை. நான் கேட்டது அது ஒன்றைத்தான்" என்றானாம். இவர் கெஞ்சிக் கூத்தாடி இன்னும் ஒரே ஒரு தடவை பெட்டி ஏற்றிப் பார்க்க அனுமதி வாங்கினார். பதினைந்து நாள் தவணை. அதற்குள் பெண்கள் தங்கள் பங்கைத் தாங்களே தின்றால் ஆண்கள் தானாகத் தளர்வார்கள். வேம்புலிதான் எல்லோரிலும் பலசாலி. அவன் நின்றால் மற்றவர்கள் கூச்சப்படாமல் நிற்பார்கள். வேம்புலி விழ வேண்டும், அவ்வளவுதான்.

"இதுக்கு ஏன் இவ்வளவு பாடு? விழுந்தாங்கன்னு நீங்களே எழுதிப்புடுங்க" என்றேன்.

"அளந்ததைத்தான் எழுத முடியும், ஜெயசீலி."

"உங்க நேர்மையில இடி விழ" என்றேன். கட்டின புருஷனை அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் கோபித்துக்கொள்ளவில்லை.

பூங்காவனத்தை வழிக்குக் கொண்டுவரும் வேலை என் தலையில் விழுந்தது. அவள் தெருவுக்கே போனேன். குடிசை வாசலில் வைத்துச் சொன்னேன்: நீ சாப்பிடு, அவனைப் பட்டினி போடச் சொல்லவில்லை, அவன் பங்கை மட்டும் அவனுக்குப் போடு. பெட்டியில் முடியவில்லை என்றால் நிற்கட்டும். நின்றால்தான் எல்லோருக்கும் பழையபடி அரிசி வரும்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நின்னா அரிசின்றீங்க. கங்காதரனும்தான் நின்னான், அவனுக்கு அரிசியா வந்துச்சி?"

"அது காய்ச்சல்னால."

"அப்டித்தாம்மா சொல்லுவாங்க. நீங்களும் ஐயாவும் நல்லவங்க, நான் இல்லன்னு சொல்லல. சீட்டு உங்க கைலயா கீது? தோக்குறவனுக்கு எவன்மா அள்ளிக் குடுப்பான்?"

என்ன சொல்லியும் அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் என் மனசு நோகக்கூடாது என்று, "சரிம்மா, நான் துன்றேன்" என்றாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து தின்றாள். அப்புறம் வறட்டி போட வேறு பெண் வந்தாள். பூங்காவனத்துக்குக் கால் வீங்கியிருக்கிறது, நடக்க முடியவில்லை என்றாள். அவளிடம் ஒரு தூக்கில் சோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தனுப்பினேன். அது யார் தட்டுக்குப் போயிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மேலே போகுமுன் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆராய்ச்சி பிற்பாடு சீமையில் ஒரு பத்திரிகையில் அச்சானது. பெண்கள் பட்டினி கிடந்ததையும் இவர் விடாமல் எழுதித்தான் அனுப்பினார். இடம் போதாதென்று அந்தப் பத்தியை எடுத்துவிட்டுப் போட்டார்கள். அதை வைத்து இவருக்கு லெக்சரர் வேலை ஆயிற்று. கல்லூரிக்காரர்கள் மாலை போட்டு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்து மாலையை மேசைமேல் வைத்துவிட்டு, அன்றைக்கு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் படுத்தார். நானும் வற்புறுத்தவில்லை.

கடைசிப் பரீட்சைக்கு நானும் போயிருந்தேன். கிடங்கு முற்றத்தில் பத்தொன்பது பேரையும் வரிசையாக நிறுத்தி இவர் பேசினார். "இன்னைக்கு நடுவுல நின்னா யார் சீட்டும் கிழியாது. நான் பொறுப்பு. முடியலன்னா பிடிவாதம் பிடிக்காம நின்னுடுங்க. நின்னாத்தான் உங்க எல்லாருக்கும் நல்லது." தலையைத் தலையை ஆட்டினார்கள். ஆனால் ஒருவன் கண்ணும் இவர்மேல் இல்லை. இவருக்குப் பின்னால் துரையும் மேஸ்திரியும் நின்றிருந்தார்கள். மேஸ்திரி கையில் பெயர்ப்பட்டியல் இருந்தது. யாருக்காகப் பெட்டி ஏற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஒவ்வொருவனாக ஏறினான், இறங்கினான். ஒருவனும் நிற்கவில்லை. கடைசியாக வேம்புலி. நாலாவது நிமிஷத்தில் அவன் தொடை நடுங்க ஆரம்பித்தது. உதடு வெளுத்துவிட்டது. எனக்கு நம்பிக்கை வந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விழுடா விழுடா என்று மனசுக்குள் கத்தினேன். இவர் கிட்டே போய், "போதும், நில்லுப்பா வேம்புலி" என்றார்.

"இன்னும் ஏறுவேன் சாமி" என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு கடிகாரம் நிற்கிற வரைக்கும் ஏறினான். அப்புறம் இவர் நாடி பார்த்து, அளந்ததை அப்படியே எழுதிக்கொண்டார்.

துரை கைதட்டினான். வேம்புலிக்கு ஒரு சிகரெட் கொடுத்தான். சனிக்கிழமை முதல் கிடங்கில் எல்லோருக்கும் முக்கால் பங்கு அரிசி என்று மேஸ்திரியிடம் இங்கிலீஷில் சொன்னான். வேம்புலி பக்கத்திலேயே சிரித்த முகமாக நின்றான். அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது.

நாங்கள் வாசலைத் தாண்டுமுன் அவன் அண்ணி நாகவல்லி எதிரே ஓடிவந்தாள். பூங்காவனத்துக்கு விடியலிலேயே வலி எடுத்துவிட்டதாம். பரீட்சை முடிகிற வரைக்கும் புருஷனுக்குச் சொல்லக்கூடாது என்று அவள் சத்தியம் வாங்கிக்கொண்டாளாம். வேம்புலி ஓடினான். ஏறி இறங்கின கால், வரப்பில் இரண்டு இடத்தில் மடங்கி விழுந்தான். எழுந்து மறுபடி ஓடினான்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவனை வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே போனேன். குழந்தையைப் பழந்துணியில் சுற்றி மூலையில் கிடத்தியிருந்தார்கள். ஆண் பிள்ளை. அழவே இல்லையாம். நாகவல்லி என் கையில் கொடுத்தாள். வெறும் துணியைக் கொடுத்தமாதிரி இருந்தது. விரல், நகம், காது மடல், எல்லாம் சரியாக இருந்தது. சதைதான் இல்லை.

பூங்காவனம் பாயில் கண்ணைத் திறந்தாள். பிள்ளையைப் பற்றிக் கேட்கப்போகிறாள், என்ன சொல்வது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தேன்.

"பொட்டி இன்னாச்சும்மா?" என்றாள்.

நான் துணியைக் குழந்தையின் முகத்தின்மேல் இழுத்துவிட்டேன்.

"நடுவுல நின்னுட்ச்சா?"

"இல்ல. முழுசும் ஏறிட்டாரு" என்றேன்.

அவள் முகம் தெளிந்தது. "அப்ப அரிசிக்குப் பயமில்ல" என்று சொல்லிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.