ஓட்டுநரின் ஏழு கேள்விகள்

பதினெட்டு வருஷமாக நகரப் பேருந்து ஓட்டுகிறவள் அவள். டெப்போவில் அவளுக்கு ‘ஹாரன்’ என்றுதான் பெயர். வாயைத் திறந்தால் தெருக்கோடி வரை கேட்கும். அப்படிப்பட்டவள், இடது மார்பில் இருக்கும் கட்டி புற்றுநோய் என்று கேட்டதும் வாயடைத்துப் போனாள்.

“ஆரம்ப நிலைதான். ஆபரேஷன் பண்ணிடலாம்” என்றார் டாக்டரம்மா. எப்படி என்று அவர் விளக்குவதற்குள் கணவர் முந்திக்கொண்டார்.

“முழுசா எடுத்துடுங்க டாக்டர். எங்களுக்கு உசுருதான் முக்கியம்.”

‘எங்களுக்கு’ என்றது அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையாட்டிவைத்தாள். அந்தத் தலையாட்டலைப் பக்கத்தில் நின்ற நர்ஸ் கவனித்துவிட்டாள்.

“சார், ஒரு பத்து நிமிஷம் வெளிய உக்காருங்க. அக்காகிட்ட தனியா பேசணும்.”

கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வெளியே போனார். நர்ஸ் சிகிச்சை விவரம் அச்சிட்ட ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.

“ரெண்டு வழி இருக்குக்கா. கட்டியையும் அதைச் சுத்தி கொஞ்சத்தையும் மட்டும் எடுக்கலாம். அப்புறம் சில வாரம் கதிர்வீச்சு சிகிச்சைக்கு வந்து போகணும். இல்ல, மார்பையே எடுத்துடலாம். கதிர் அநேகமா தேவைப்படாது. உங்க நிலைமைக்கு ரெண்டுலயும் உயிர் பிழைக்கிற வாய்ப்பு ஒண்ணுதான்.”

“ஒண்ணுதானா? அப்புறம் ஏன் இவரு இந்தக் குதி குதிக்கிறாரு?”

“பயம்க்கா. சரி, உங்களுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களா?”

யாரும் கேட்கவில்லை. அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று நாள் வீட்டில் அந்தத் தாளோடு மல்லுக்கட்டினாள். பின்பக்கத்தில் ஏழு கேள்விகள் எழுதினாள். ஸ்டியரிங் பிடிக்க எத்தனை வாரம்? கை தூக்க வருமா? மறுபடியும் கட்டி வருமா?

“இதெல்லாம் எதுக்கு? டாக்டருக்குத் தெரியாததா?” என்றார் கணவர்.

“அவங்களுக்கு ஆபரேஷன் தெரியும். தினமும் குளிக்கும்போது குனிஞ்சு பாக்கப்போறது நான்தானே?”

நாலாம் நாள் தாளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்க்காமல் ஏழுக்கும் பதில் சொன்னார். “கட்டிய மட்டும் எடுத்தா, வெட்டின ஓரத்துல புற்று மிச்சம் இருந்தா இன்னொரு தடவை அறுக்க வேண்டி வரும். அதையும் யோசிச்சுக்கோங்க.”

“யோசிச்சாச்சு டாக்டர். கட்டிய மட்டும் எடுங்க.”

அதுவே நடந்தது. ஆபரேஷன் முடிந்து பத்தாம் நாள், எடுத்த சதையின் பரிசோதனை முடிவு வந்தது: ஒரு ஓரத்தில் மிச்சம். ‘அன்னிக்கே சொன்னேனே’ என்பது கணவரின் நாக்கு நுனி வரை வந்ததை அவள் பார்த்தாள். அதை அவர் விழுங்கியதையும் பார்த்தாள்.

“நீ என்ன நினைக்கிற?” என்று மட்டும் கேட்டார்.

“பயமாத்தான் இருக்கு. ஆனா இன்னொரு தடவையும் சின்னதாவே பண்ணிப் பாக்கலாம்.”

இரண்டாவது முறை ஓரங்கள் சுத்தமாக வந்தன. கதிர் சிகிச்சைக்கு ஒவ்வொரு நாளும் அவர் கூடவே வந்தார். வெளி பெஞ்சில் உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் குறட்டை விட ஆரம்பித்துவிடுவார். சிகிச்சை முடிந்து, சோர்ந்துபோய் வெளியே வருகிறவள்தான் அவரைத் தட்டி எழுப்பிக் கூட்டிப்போவாள்.