ஜெபிவோட் வீட்டில் இல்லை

என் தங்கை ஜெபிவோட் ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட்டத்தில் இரண்டு முறை உலக சாம்பியன். இதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. எங்கள் மலை ஊரான இட்டெனில் எந்தக் கடையில் நின்று கேட்டாலும் டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுவார்கள். கடைக்காரர்களுக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்கிறேன். அவளுடைய ஓட்டத்துக்கு முடிவு கட்டப் பார்த்தவள் வேறு யாருமில்லை, கூடப் பிறந்த நான்தான். ரயெல் என்பது என் பெயர்.

நாங்கள் கீழே கெரியோ பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் மேலே மலையில் இருந்தது. ஜெபிவோட் காலையில் ஏறுவாள், மத்தியானம் சாப்பிட இறங்குவாள், மறுபடி ஏறுவாள். பதினான்கு வயதில் பள்ளிச் சீருடைப் பாவாடையைச் செருகிக்கொண்டு மாவட்டப் போட்டியில் ஓடினாள். ஒரு சுற்றை விட்டுவிட்டாள் என்று நடுவர் அவளை இன்னொரு சுற்று ஓடச் சொன்னார். ஓடினாள். அப்போதும் இரண்டாவதாக வந்தவள் பின்னால்தான் இருந்தாள்.

இருபத்தொரு வயதில் முதல் உலகப் போட்டி. மூன்றாவது சுற்றில் எவளோ குதிகாலை மிதிக்க, விழுந்து, எழுந்து, கடைசியாக வந்தாள். ஊர் திரும்பி மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் விடியலில் ஓடப் போய்விட்டாள். இருபத்து மூன்றில் ஜெயித்தாள், இருபத்தைந்தில் மறுபடி ஜெயித்தாள். பிறகு மகள் பிறந்தாள். பிள்ளை பெற்றவள் இனிமேல் மாடு கறக்கத்தான் லாயக்கு என்று ஒரு பயிற்சியாளர் நாலு பேர் நடுவில் சொன்னார். நானாக இருந்தால் அந்த ஆளை அங்கேயே உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு வருடம் ஓடி, அந்த ஆள் பயிற்சி கொடுத்த பெண்களை எல்லாம் வரிசையாகத் தோற்கடித்தாள். இப்போது முப்பத்தொன்று. செப்டம்பரில் வரும் உலகப் போட்டிதான் அவளுக்குக் கடைசி. மூன்றாவது பட்டம் வேண்டும். அது ஒன்றுதான் பேச்சு, அது ஒன்றுதான் மூச்சு.

புருஷன் என்னை விட்டுப் போன பிறகு நான் அவள் வீட்டுக்கே வந்துவிட்டேன். பதினோரு வருடம். மக்காச்சோள மாவில் உகாலிக் களி கிளறுவது, மகளைப் பள்ளிக்கு அனுப்புவது, வாசலைக் காப்பது. முதல் இரண்டையும் எவளும் செய்வாள். மூன்றாவதுதான் கஷ்டம். ஓடுகிற பெண்ணுக்கு ஓட்டம் பாதி, தூக்கம் பாதி. காலையில் இருபது கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து படுத்தால் மறுபடி மாலையில் ஓட எழுந்திருக்கவேண்டும். நடுவில் எழுப்பினால் அன்றைய உழைப்பு வீண். ஆனால் சாம்பியன் வீட்டு வாசலை ஊர் சும்மா விடுமா? சர்ச்சுக்காரர், சொந்தக்காரர், சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர். எங்கள் பக்கம் வாசலுக்கு வந்தவரிடம் முடியாது என்று சொல்வது அவமரியாதை. ஆள் இல்லை என்று சொல்வது மரியாதை. வந்தவருக்கும் அது பொய் என்று தெரியும், பதிலுக்குத் தலையாட்டிவிட்டுப் போவார். இருவருக்கும் முகம் கெடாது. நான் சொன்ன 'இல்லை'களை அடுக்கினால் எல்டோரெட் நகரம்வரை போகும்.

மார்ச்சில் ஒரு நாள் பத்தரை மணிக்கு ஒரு காரில் இரண்டு பேர் வந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் பெட்டி. ஜெபிவோட் வீட்டில் இருக்கிறாரா என்று கேட்டார்கள். ஏதோ நன்கொடை வசூல் கூட்டம் என்று நினைத்து, நைரோபி போயிருக்கிறாள், வெள்ளிக்கிழமைதான் வருவாள் என்றேன். அவர்கள் போகவில்லை. காரிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. எங்கள் மரத்து நிழலில் கார் நிற்கக்கூடாது என்று எடுக்கவைத்தேன். வெயிலில் முக்கால் மணி நேரம் வெந்துவிட்டுப் போனார்கள். உள்ளே ஜெபிவோட் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று என்ன பெருமை!

அவர்கள் ஊக்கமருந்துப் பரிசோதனைக்காரர்கள்.

பெரிய ஓட்டக்காரர்கள் தினமும் ஒரு மணி நேரத்தைக் குறித்துக்கொடுத்து, அந்த ஒரு மணி நேரம் சொன்ன இடத்தில் இருந்தாக வேண்டும். பரிசோதனைக்காரர்கள் எப்போது வேண்டுமானாலும் வருவார்கள், வருகிறோம் என்று சொல்ல மாட்டார்கள். அந்த நேரத்தில் வந்து ஆள் இல்லையென்றால் ஒரு தவறு. பன்னிரண்டு மாதத்துக்குள் மூன்று தவறு என்றால் இரண்டு வருடத் தடை. மருந்தைக் கண்ணால் பார்க்காதவளாக இருந்தாலும் தடைதான், கூடவே மருந்துக்காரி என்ற பெயரும். போன ஆகஸ்டில் விமானம் தாமதமாகி ஒரு தவறு கணக்கில் ஏறியிருந்தது. இது இரண்டு. கடிதம் வந்ததும் ஜெபிவோட் அதை இரண்டு முறை படித்து, மடித்து, அலமாரியில் வைத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேதியை மட்டும் எட்டிப் பார்த்த எனக்கு அந்தக் கார் ஞாபகம் வந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாய் எல்லாவற்றுக்கும் திறக்கும், அதற்கு மட்டும் திறக்கவில்லை.

ஆகஸ்ட் ஒன்பதாம் தேதி வந்தால் முதல் தவறு கணக்கிலிருந்து விழுந்துவிடும். அதுவரை இன்னொன்று நடக்கக்கூடாது. காலையில் இருந்த தன் நேரத்தை அவள் மத்தியானம் ஒன்று முதல் இரண்டு மணிவரை என்று மாற்றிக்கொண்டாள். நான் தெரு முழுக்க ஒரு வீடு விடாமல் போய், யார் வந்து கேட்டாலும் ஜெபிவோட் இருக்கிறாள் என்று சொல்லுங்கள், தப்பித்தவறி இல்லை என்று சொன்னால் தொலைத்துவிடுவேன் என்று மிரட்டிவிட்டு வந்தேன். இதனால் வாசலில் கூட்டம் இரண்டு மடங்கானது. பொறுத்துக்கொண்டேன்.

ஜூலை இருபத்தொன்பது. கடைசித் தங்கை செரோப்பைப் பெண் கேட்டுக் கீழே அப்பா வீட்டுக்கு வருகிறார்கள். மூத்த பெண் நான் போயிருக்கவேண்டும். வாசலை யாரை நம்பி விடுவது? ஜெபிவோட் போனாள். காலையில் மாப்பிள்ளை வீட்டாரோடு உட்கார்ந்து மோர் குடித்துவிட்டுப் பதினொன்றரைக்கு வேன் ஏறினால் பன்னிரண்டரைக்கு இங்கே இருக்கலாம் என்பது ஏற்பாடு. பன்னிரண்டு நாற்பதுக்குப் போன் வந்தது. முந்தின நாள் மழையில் ஊறிப்போன மலைச்சாலை இப்போது மூன்றாவது வளைவில் இடிந்து கிடக்கிறது, மோட்டார் சைக்கிள்கூட வராது, ஆட்டுப்பாதையில் ஏறப் போகிறேன் என்றாள். இருக்கும் இடத்தை மாற்றிச் செய்தி அனுப்பிவிடேன், மணி இன்னும் ஒன்று ஆகவில்லையே என்று கெஞ்சினேன்.

"மாத்துறதுன்னா எங்கன்னு மாத்துறது? சேத்துல நிக்கிறேன்னா? போனை வை அக்கா, ஏறணும்," என்றாள்.

அந்தப் பாதை எனக்குத் தெரியும். சுவர்போல நிற்கிற ஏற்றம். ஈரமண்ணில் ஆடே வழுக்கும். ஏறி முடித்தால் வீட்டுக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர். பெண் கேட்கிற வீட்டுக்கென்று அவள் போட்டுப்போனது நீளக் கவுனும் குதிகால் உயர்ந்த செருப்பும். இன்றைக்கா வரப் போகிறார்கள், நாலு மாதமாக வராதவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒன்று பத்துக்கு வந்தார்கள். இந்த முறை ஒரு பெண், நைரோபிக்காரி, வாங்கெச்சி என்று பெயர், கூட ஒரு ஆண். அவர்களைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துவந்தவர் எதிர்க்கடைக்காரர் அராப் சுகுட். நான் மிரட்டியதை மனிதர் மறக்கவே இல்லை.

"உள்ளேதாம்மா இருக்கா. இப்பதான் பாத்தேன். நல்லாத் தூங்குறா," என்றார், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே.

அப்படியென்றால் எழுப்புங்கள் என்றாள் வாங்கெச்சி.

எவ்வளவு சுலபம்! குளிக்கிறாள் என்றால் கால் மணி. வயிற்றுவலி என்றால் அரை மணி. பதினோரு வருடமாக இதைத்தானே தொழிலாகச் செய்கிறேன்! ஆனால் பரிசோதனைக்காரர்களிடம் பொய் சொல்லி ஏய்த்தால் இரண்டு வருடமல்ல, நாலு வருடம் என்று அந்தக் கடிதத்தோடு வந்த விதித்தாளில் நானே படித்திருந்தேன். என் பொய்யால் ஒரு முறை போனது போதும்.

"அவ வீட்ல இல்லைங்க. இவருக்குத் தெரியாது. பள்ளத்தாக்குலேருந்து ஏறி வந்துட்டிருக்கா," என்றேன்.

சுகுட்டின் முகத்தைப் பார்க்கவேண்டுமே. நீயா இதைச் சொல்கிறாய் என்பதுபோல வாயைப் பிளந்தார். வாங்கெச்சி நேரத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டு மணிவரை இருப்போம், அதற்குமேல் ஒரு நிமிடம்கூட இல்லை என்றாள். மரத்து நிழலில் நாற்காலி போட்டேன். அவள் முன்னால் நின்று நான் அவளுடைய கடிகாரத்தையே பார்த்தேன். ஒன்று இருபது. ஒன்று முப்பத்தைந்து. விஷயம் தெரிந்து தெருவே வந்து வேலி ஓரமாக நின்றது. ஒன்று ஐம்பதுக்கு அவள் ஒரு படிவத்தை எடுத்து மடியில் வைத்தாள். அதில் என்ன எழுதப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். ஜெபிவோட்டின் பதினேழு வருடமும் அந்தக் காகிதத்தில் முடியப் போகிறது, முடித்தவள் நான்.

ஒன்று ஐம்பத்தாறு. தெருக்கோடியில் கூச்சல் கேட்டது. ஜெபிவோட் வந்தாள். வெறுங்கால். செருப்பு இரண்டும் கையில். கவுனை இடுப்பில் முடிந்திருந்தாள், முழங்கால்வரை செம்மண், ஒரு முழங்காலில் ரத்தம். வேகத்தைக் குறைக்கவே இல்லை, வாசலைத் தாண்டி நாற்காலி முன்னால் வந்துதான் நின்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே அடையாள அட்டையை நீட்டினாள். வாங்கெச்சி அட்டையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். மடியிலிருந்த படிவத்தைப் பைக்குள் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். நான் அவள் கையிலிருந்த செருப்பை வாங்கிக்கொண்டேன்.

வந்தாயிற்று, ஆனால் உடம்பில் இருந்த தண்ணீரெல்லாம் வியர்வையாகப் போயிருந்தது. சிறுநீர் மாதிரி கொடுக்க முடியவில்லை. கொடுக்கும்வரை அவளை அவர்கள் கண்ணைவிட்டு அகல விடமாட்டார்கள். முத்திரையிட்ட தண்ணீர் பாட்டில்களாகக் குடித்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். நான் முழங்காலைக் கழுவிவிட்டேன். கழுவும்போது அந்தக் கற்கீறலைப் பார்க்கப் பார்க்கத் தாங்கவில்லை. வாங்கெச்சி கேட்டால் கேட்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

"மார்ச்ல வந்தவங்ககிட்ட நீ இல்லைன்னு சொன்னது நான்தான்டி."

அவள் குடித்து முடித்துவிட்டுப் பாட்டிலைக் கீழே வைத்தாள்.

"தெரியும். கடுதாசியிலயே எழுதியிருந்தாங்க. வாசல்ல இருந்த கோபக்காரப் பொம்பளை ஆள் இல்லைன்னு சொன்னா, காரையும் நிழல்லேருந்து எடுக்கச் சொன்னான்னு. நம்ம வீட்ல வேற யாரு?"

வாங்கெச்சி சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாலு மாதம்! நாலு மாதமாகத் தெரிந்துகொண்டே நான் போட்டதைச் சாப்பிட்டிருக்கிறாள். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்திக்கொண்டது. அப்போதே என்னை நாலு திட்டுத் திட்டித் துரத்தியிருக்கவேண்டியதுதானே, ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாய் என்று கத்தினேன்.

"சொன்னா நீ வாசலை விட்டுட்டுப் போயிருப்ப. பதினோரு வருஷமா நான் தூங்கினதெல்லாம் நீ சொன்ன பொய்யிலதான்க்கா தூங்கினேன். தூங்காம எவ ஓடுவா? ரெண்டு பட்டமும் அதுலதான் வந்துச்சு."

நான் தோளில் கிடந்த துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். அவள் என் தலையில் கையை வைத்தாள், அப்புறம் இன்னொரு பாட்டிலைத் திறந்தாள்.

நாலேகாலுக்கு மாதிரி கொடுத்தாள். சீல் வைத்து, கையெழுத்துப் போட்டு, வாங்கெச்சி பெட்டியை மூடினாள். கிளம்பும்போது எனக்குக் கைகொடுத்தாள். கார் திரும்புவதற்குள் ஜெபிவோட் ஓடும் ஷூவை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். அன்றைய மாலைப் பயிற்சி அறுநூறு மீட்டர், எட்டு முறை. மலையையே ஏறி வந்திருக்கிறாயே, பைத்தியமா உனக்கு, போய்ப் படு என்றேன்.

"அது வீட்டுக்கு வந்தது. இன்னைக்கு ஓட்டம் இன்னும் ஓடலையே," என்றாள்.

இவளைத் தடுக்க யாரால் முடியும்! சுகுட்டை வாசலில் உட்காரவைத்துவிட்டு நேரம் பார்க்க நானும் மைதானத்துக்குப் போனேன். முழங்காலில் கட்டிய துணி மூன்றாவது ஓட்டத்தில் அவிழ்ந்து விழுந்தது, அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. எட்டாவதை ஒரு நிமிடம் முப்பத்தாறு நொடியில் முடித்தாள். முந்தைய ஏழும் அதைவிட மெதுவானவை.