இரண்டால் வகுத்த இடம்

வெள்ளிக்கிழமை மதியம் என் கணவன் ஆர்தவான் பாடிக்கொண்டே சோறு வடித்துக்கொண்டிருந்தான். அவன் பாடினால் ஒரு கணித நிரூபணம் முடிந்துவிட்டது என்று பொருள். தெஹ்ரானில் எங்கள் அக்கம்பக்கத்தார் பல வருடங்களாக அந்தப் பாட்டைக் கேட்காமல் நிம்மதியாகத்தான் இருந்தார்கள்.

ஒரு கூட்டத்திலுள்ள எண்களை இரண்டிரண்டாகக் கூட்டிப் பார்த்தும் புதிய எண்கள் அதிகம் வராவிட்டால், அதற்குள் ஏதோ ஒழுங்கு ஒளிந்திருக்கிறது. எவ்வளவு ஒழுங்கு என்பதுதான் அவன் கேள்வி. வெவ்வேறு கூட்டல் விதிகள் கொண்ட எல்லா எண்ணுலகங்களுக்கும் விடை கண்டுவிட்டதாக நாளை ஆய்வு நிலையத்தில் பேசப்போகிறான். வேலை நிரந்தரமாவது அந்தப் பேச்சைப் பொறுத்தது.

நான் அவன் தாள்களைப் படித்துக்கொண்டிருந்தேன். மகள் பிறந்தபின் ஆராய்ச்சியை விட்டவள், படிப்பதை விடவில்லை. நடுவில் ஓரிடத்தில் இரண்டால் வகுத்திருந்தான். எதையும் அதோடேயே கூட்டினால் பூஜ்யமாகிவிடும் உலகங்கள் உண்டு. அங்கே இரண்டு என்பதே பூஜ்யம். பூஜ்யத்தால் எப்படி வகுப்பது?

சொல்லாவிட்டால் நாளை யாரும் கவனிக்காமலே போகலாம். அப்படி நினைத்ததற்கே என்மேல் எரிச்சல் வந்தது.

"ஆர்தவான், பாட்ட நிறுத்து."

"ஏன், அவ்ளோ கேவலமாவா இருக்கு?"

"அது எப்பவும் கேவலம்தான். இங்க பாரு, ரெண்டால வகுத்திருக்க."

கரண்டியோடு வந்து பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"முதல் வருஷப் பசங்க பண்ற தப்பு, மஹ்வஷ் ஜான்." செல்லமாகக் கூப்பிடும் அந்த 'ஜான்'கூட சுரத்தில்லாமல் வந்தது.

"அவங்க இவ்ளோ தூரம் வந்து பண்ண மாட்டாங்க."

சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. அவன் தலையை இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பாவமாக இருந்தது. "அந்த உலகத்துக்கு வேற வழி இருக்கலாம். பாதியாக்கவே வேணாம், இப்படிப் பாரேன்" என்று ஆரம்பித்தேன். சோறு குழைந்து கஞ்சியானது இருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் ஆய்வு நிலையத்தில் பலகையில் தலைப்பை எழுதிவிட்டு, 'எல்லா' என்ற சொல்லை அழித்தான். நிலையத்தின் இயக்குநர் முகம் சுளித்தார்.

"ஒரு இடத்துல தப்பு பண்ணிட்டேன். கண்டுபிடிச்சது என் மனைவி. சரிபண்ற வழியும் அவங்ககிட்டதான் இருக்கு. இனி இது எங்க ரெண்டு பேரோட கட்டுரை" என்றான் ஆர்தவான்.

நான் உட்கார்ந்திருந்த கடைசி வரிசைக்கு வந்து என்னிடம் சாக்கட்டியை நீட்டினான். எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"வீட்லயே சொல்லியிருக்கலாம்ல?" பல்லைக் கடித்தேன்.

"சொல்லியிருந்தா நீ வந்திருக்க மாட்ட."

"உன் வேலை?"

"அத அவங்க பாத்துப்பாங்க. நீ வா."

எழுந்து போனேன். பலகையில் முதல் வரியை எழுதினேன். இயக்குநர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார்.