சீல் உடையாத பாட்டில்

அந்த பிரேக் தட்டு சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதை இடுக்கியின் நுனியில் பிடித்துச் சக்கரத்துக்குள் உட்கார வைக்கும்வரை பல்செட்காரர் மூச்சு விடவில்லை. உட்கார்ந்தது. குண்டூசி முனையில் தொட்ட பசை ஒரு சொட்டு, அவ்வளவுதான். பூதக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுத் தன் காரை ஆசைதீரப் பார்த்தார். உள்ளங்கை நீளம்கூட இல்லாத சிவப்பு கார். கதவின் பிளவுகளைத் தையல் ஊசியால் கீறி ஆழமாக்கியிருந்தார். இருக்கைப் பட்டைக்கு மெல்லிய ஈயத்தாள். பதிவெண் பலகைகூட உண்டு. பகலெல்லாம் பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளுக்குப் பல்செட் செய்து கொடுப்பது பிழைப்பு. மிச்ச நேரத்தில் அதே அரங்கள், அதே பொடித் துளைக்கருவிகளைக் கொண்டு கார் செய்வது கிறுக்கு. பிழைப்பு, கிறுக்கு என்ற இரண்டு பெயரையும் வைத்தது அவர் மனைவிதான்.

உப்புத்தாள் துண்டுகளையும் பஞ்சுக் குச்சிகளையும் அள்ளிக்கொண்டு கீழே, இரண்டு வீட்டுக்கும் பொதுவான பின்கட்டுக் குப்பைக்கூடைக்குப் போனார். கூடைக்குள் ஒரு பாட்டில் கிடந்தது. பிரேக் ஆயில் பாட்டில். காலி. மூடி தனியாகக் கிடந்தது, மூடியின் வளையம் தனியாகக் கிடந்தது.

வளையத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். அதில் பசை காய்ந்திருந்தது.

கீழ் வீட்டில் இருப்பவன் அவர் மனைவியின் தம்பி. தெருவில் அவனுக்கு ஸ்பேனர் என்று பெயர். வங்கியில் வேலை, ஆனால் அவன் உயிர் இருப்பது அப்பா விட்டுப்போன பழைய காரில். மெக்கானிக் கைபடவிடமாட்டான், எல்லாம் தானே செய்வான். அவனுடைய கருவிப் பெட்டியில் ஒரு திருகாணி இடம் மாறினாலும் தெரிந்துவிடும். போன வருடம் பல்செட்காரர் அவசரத்துக்குப் பாலிஷ் பசை எடுத்ததற்கு, வீட்டு விசேஷத்தில் பத்துப் பேர் முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னான்: "மாமா, என் அக்கா புருஷன்னுதான் விடறேன். இனிமே என் பெட்டில கை வச்சீங்க, உங்க பல்லுக்கே நீங்க செட் கட்டிக்க வேண்டியிருக்கும்." எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். இனி தொடமாட்டேன் என்று மனைவியிடம் சத்தியம் செய்தார்.

சத்தியம் ஒரு விடுமுறை நாள்வரை நின்றது. சிவப்புக் காருக்குப் பூசிய பெயிண்ட் அன்று சொதப்பிவிட்டது. தூரம் தள்ளி நின்று தெளித்தாலோ, வெயில் அதிகமானாலோ பெயிண்ட் வழவழப்பாகப் படியாமல் ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிந்துபோகும். அப்படிப் போனால் ஒரே வழி, பிரேக் ஆயிலில் ஊறப்போடுவது. பெயிண்ட் பாம்புச் சட்டையாய் உரிந்து வரும், பிளாஸ்டிக்குக்கு ஒன்றும் ஆகாது. மாடல் கார் செய்கிறவர்கள் அனைவருக்கும் தெரிந்த வித்தை இது. கடைகள் அடைத்திருந்தன. மாடல் கார் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. கீழே ஸ்பேனரின் ஷெட்டில் சீல் உடையாத பாட்டில் ஒன்று அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

எடுத்தார். டப்பாவில் ஊற்றினார். காரை ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியைத் தண்ணீரில் நனைத்து நனைத்து அந்த டப்பாவுக்குள்ளேயே தேய்த்தார். வேலை முடிந்ததும் துணியில் வடிகட்டி மறுபடி பாட்டிலில் ஊற்றினார். லேசாகச் சிவந்திருந்தது, பாட்டில் கறுப்பு, வெளியே தெரியாது. பிறகுதான் அந்தக் காரியத்தைச் செய்தார். அறுந்த சீல் வளையத்தின் ஒவ்வொரு பல்லையும் மூடியோடு சேர்த்து, ஊசிமுனையில் பசை தொட்டு ஒட்டினார். கடைக்காரனே பார்த்தாலும் புதுப் பாட்டில் என்று சத்தியம் செய்வான். நாளைக்கு வேறு வாங்கி வைத்துவிடலாம் என்று நினைத்தார். நாளைக்கு, அப்புறம் அடுத்த நாளைக்கு. மறந்தார் என்று சொல்ல முடியாது. ஷெட் பக்கம் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தார். பார்த்து, எவ்வளவு சுத்தமான வேலை என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூடப் பட்டுக்கொண்டார்.

இன்று காலை அக்காவும் தம்பியும் மலைமேல் இருக்கும் பெரியம்மாவைப் பார்க்கக் கிளம்பினார்கள். அவசரப் பல்செட் ஒன்று இருந்ததால் அவர் போகவில்லை. காரை எடுக்கும்போது ஸ்பேனர் கத்தினான்: "மலை ஏறுற வண்டின்னு நேத்து ஆயில் மொத்தமும் மாத்திட்டேன் மாமா! புதுப் பொண்ணு மாதிரி போகும் பாருங்க!" எஞ்சின் ஆயில் என்று நினைத்துக் கையசைத்தார்.

தண்ணீர் கலந்த பிரேக் ஆயில் ஏற்றத்தில் ஒன்றும் செய்யாது. இறக்கத்தில் பிரேக்கை மிதித்து மிதித்துச் சூடேறும்போது உள்ளே கொதித்து ஆவியாகும். பெடலை மிதித்தால் கால் காற்றை மிதிக்கும். இந்தப் பாடத்தை அவருக்கு வாய் ஓயாமல் நடத்தியவனே ஸ்பேனர்தான்.

போனை எடுத்தார். எண்ணை அழுத்தினார். மனைவிதான் எடுத்தாள்.

"என்னங்க, சாப்டீங்களா? மேல வந்துட்டோம். டீ குடிக்க நிறுத்தியிருக்கோம். பெரியம்மா வீடு இன்னும் கொஞ்ச தூரந்தான். இருங்க, ஸ்பீக்கர்ல போடறேன்."

"மாமா!" என்று ஸ்பேனர் குரல் பாய்ந்து வந்தது. "பிரேக் எப்படிப் பிடிக்குதுன்றீங்க! சும்மா தொட்டா நிக்குது. என் வேலைன்னா சும்மாவா?"

சொல்லிவிடலாம். வண்டியை அங்கேயே விடு, இரண்டு வார்த்தை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்குப் பின்னால் ஏன் என்று ஒரு கேள்வி வரும். போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"என்னங்க, பேச மாட்டேங்கறீங்க? குரலே சரியில்லையே. உடம்புக்கு என்ன?"

அவளாக எடுத்துக் கொடுத்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுமில்ல... நெஞ்சு கொஞ்சம் பிடிச்ச மாதிரி..."

"ஐயய்யோ! தம்பி, வண்டிய எடுடா! திருப்புடா!" கோப்பை ஒன்று விழுந்து உடையும் சத்தம் கேட்டது. கதவு அறையும் சத்தம். போன் தொடர்பு அறுந்தது.

திருப்புடா என்ற சொல் காதில் விழுந்து, மூளைக்குப் போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. திருப்பினால் இறக்கம். ஏற்றத்தில் பத்திரமாக இருந்தவர்களை அவரே கூப்பிட்டு இறக்கத்தில் தள்ளிவிட்டார். அதுவும் சாவகாசமாக இல்லை, பறந்துகொண்டு வருவார்கள்.

மறுபடி அழைத்தார். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. வெளியே. இதற்குள் வாசல் கதவை யாரோ உடைக்காத குறையாகத் தட்டினார்கள். எதிர் வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், கையில் தண்ணீர்ச் சொம்போடு.

"உங்க வீட்டம்மா போன் பண்ணாங்க! ஏன் நிக்கறீங்க? படுங்க சார், படுங்க! ஆட்டோக்குச் சொல்லியாச்சு."

"எனக்கு ஒண்ணுமில்ல சார்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. என் அண்ணனும் அதையே சொல்லிட்டுத்தான் போனான். சட்டப் பட்டனக் கழட்டுங்க."

வாத்தியார் ஒரு கையால் பட்டனைக் கழற்ற, அவர் மறு கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டிருந்தார். அந்த முனையில் மணி அடித்தது.

"என்னங்க, பயப்படாதீங்க, வந்துட்டே இருக்கோம்..." அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணுமில்ல. நெஞ்சு வலி இல்ல. வண்டிய நிறுத்தச் சொல்லு."

"எங்களுக்காக அப்படிச் சொல்லாதீங்க. வாத்தியார் வந்துட்டாரா?"

"வந்துட்டேம்மா! பக்கத்துலதான் இருக்கேன்! வேர்த்துக் கொட்டுது!" என்று வாத்தியார் போனுக்குள் கத்தினார்.

"சார், ஒரு நிமிஷம் வாய மூடுங்க!" தன் வாழ்நாளில் அவர் ஒரு பெரியவரிடம் இப்படிப் பேசியதில்லை. வாத்தியார் சொம்போடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்பீக்கர்ல போடு. மாப்ள! நான் சொல்றத நல்லாக் கேளு. நீ ஊத்துனது பிரேக் ஆயில் இல்ல. அதுல நான் பெயிண்ட் கழுவிட்டேன். தண்ணி கலந்திருக்கு."

"என்ன ஒளர்றீங்க மாமா? சீல் பாட்டில். நேத்து என் கையாலதான் உடைச்சேன். டக்குன்னு சத்தம் கேட்டுச்சு."

"அது பசை உடைஞ்ச சத்தம்டா. நான்தான் ஒட்டி வச்சேன்."

அந்தப் பக்கம் எஞ்சின் இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு வளைவில் டயர் கிறீச்சிட்டது. ஸ்பேனர் கத்துவான், திட்டுவான் என்று காத்திருந்தார். அவன் அக்காவிடம்தான் பேசினான்.

"அக்கா, போனக் கீழ வச்சுட்டு பெல்ட்டப் போடு. போட்டுட்டியா? மேல இருக்கற பிடியக் கெட்டியாப் பிடிச்சுக்க."

"ஏண்டா? என்னடா ஆச்சு?"

"பெடல் உள்ள போகுது."

எஞ்சின் திடீரென்று உறுமியது. கியரைக் கீழே தள்ளியிருக்கிறான். இன்னொரு உறுமல். அவர் மனைவி அவர் பெயரைச் சொல்லவில்லை, கடவுள் பெயரையும் சொல்லவில்லை. தம்பி தம்பி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். கல்லில் தகரம் உரசும் நீண்ட சத்தம் வந்தது. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று அவருக்குத் தெரியாது. பிறகு சத்தமே இல்லை. வாத்தியாரும் எழுந்து வந்து போனையே பார்த்தபடி நின்றார்.

"மாப்ள... மாப்ள..."

யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பிறகு ஸ்பேனரின் குரல், கல்லை விழுங்கியவன் குரல் மாதிரி.

"நின்னுடுச்சு. மலைப் பக்கம் உரசி நிறுத்திட்டேன். அக்காவுக்கு ஒண்ணும் இல்ல." கொஞ்சம் நிறுத்தினான். "புது ஆயில் ரெண்டு பாட்டில் வாங்கிட்டு வாங்க. நீங்க திறக்காதீங்க."

வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வந்த அந்த ஆட்டோவிலேயே ஏறிக் கடைக்குப் போனார். அங்கிருந்து மலை அடிவாரத்துக்கு, பிறகு மேலே. வழி நெடுக மடியில் இருந்த பாட்டில்களை விரலால்கூடத் தடவாமல், இரண்டு கையையும் தொடைமேல் தனியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "நெஞ்சு வலி யாருக்கு சார்?" என்று கேட்டார்.

வெயில் தணிந்த நேரம். வளைவுக்கு அப்பால் கார் நின்றிருந்தது. சக்கரங்களுக்கு அடியில் கல் கொடுத்திருந்தார்கள். இடப்பக்கம் முழுக்கப் பெயிண்ட் உரிந்து, தகரம் வெள்ளையாகத் தெரிந்தது. கதவில் ஒரு பிளவு. ஊசியால் கீறியது போல அல்ல, கோணலாக, கிழிந்து. மனைவி சாலையோரக் கைப்பிடிச் சுவரில் அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போய் நின்றார். அவள் திரும்பவில்லை.

"வலி இருக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"நெஞ்சு வலின்னதும் நான் என்னென்ன வேண்டிக்கிட்டேன்னு உங்களுக்குத் தெரியாது."

அவர் ஏதாவது சொல்ல வாயெடுத்தார். எந்த வார்த்தையை எடுத்தாலும் அது ஒட்டுப்போட்டதாகவே தெரிந்தது.

ஸ்பேனர் சட்டையைக் கழற்றிவிட்டு, முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் கோணியை விரித்துப் படுத்திருந்தான். கை நீட்டினான். பாட்டிலைக் கொடுத்தார். சீல் வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான், நகத்தால் நெம்பிப் பார்த்தான். பிறகுதான் உடைத்தான்.

"பழசப் பூராம் வெளிய எடுக்கணும். ஒருத்தர் உள்ள உக்காந்து பெடல மிதிக்கணும்" என்றான், அவர் முகத்தைப் பார்க்காமல்.

"நேத்து நான்தான் மிதிச்சேன்" என்று சுவரிலிருந்து மனைவி சொன்னாள். "இன்னைக்கு அவரு மிதிக்கட்டும்."

ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். பெரிய கார். அதன் பிரேக் பெடல் அவர் பாதம் அளவு இருந்தது.

"நான் சொன்னா மிதிங்க. நட்டைத் தளர்த்தினதும் பெடல் அடி வரைக்கும் போகும். நான் மறுபடி இறுக்கி, விடுங்கன்னு சொல்றவரைக்கும் கால எடுக்கக் கூடாது. எடுத்தீங்க, காத்து உள்ள போயிடும். அப்புறம் எல்லாம் வீண்."

"சரி மாப்ள."

"மிதிங்க."

மிதித்தார். கீழே நட்டைத் தளர்த்தும் சாவி திரும்பியது. காலடியில் பெடல் மெதுவாக இறங்கியது. அவன் நட்டில் மாட்டியிருந்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் வழியாகச் சிவந்த ஆயில் சொட்டுவதைக் குனிந்து பார்க்காமலே உணர்ந்தார். இறுக்கும் சத்தம்.

"விடுங்க."

விட்டார்.

"மிதிங்க."

மிதித்தார். மறுபடி இறங்கியது. பின்பார்வைக் கண்ணாடியில் மனைவியின் முதுகு தெரிந்தது. முந்தானையை இழுத்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள். பெடல் அடியைத் தொட்டு நின்றது. சாவி திரும்பும் சத்தத்துக்காகக் காது கொடுத்தார். கேட்கவில்லை. ஒரு லாரி திணறிக்கொண்டு மேலே ஏறிப் போயிற்று. அதன் சத்தம் தேய்ந்து மறைந்த பிறகும் காருக்கு அடியிலிருந்து பேச்சில்லை. ஸ்பேனர் அங்கே படுத்திருக்கிறான், மூச்சு விடுவது கேட்கிறது. அழுகிறானோ, குழாயில் நிறம் மாறுகிறதா என்று பார்க்கிறானோ, தெரியவில்லை. தொடை நடுங்கத் தொடங்கியது. நடுக்கம் முழங்காலுக்கு இறங்கி, கணுக்காலுக்கு வந்தது. இரண்டு கையாலும் முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொண்டு, காலை எடுக்காமல், அந்த ஒரு சொல்லுக்காக உட்கார்ந்திருந்தார்.