ஓய்வு நாளிலும் புகைந்த ஆலை

ஆற்றங்கரையில் இருந்த அந்த ஆலை ஒரு காலத்தில் மாவு மில். ஆற்றுத் தண்ணீரே சக்கரத்தைச் சுற்றியது. பிறகு நீராவி வந்தது, கம்பளி வந்தது, ஊரில் பாதிப் பேர் தறிக்குப் போனார்கள். போர் தொடங்கியதும் பூப்போட்ட விரிப்புகளை நிறுத்திவிட்டு, பட்டாளத்துக்குச் சாம்பல் நிறப் போர்வை மட்டுமே நெய்யச் சொல்லி உத்தரவு வந்தது. ஆண்கள் சண்டைக்குப் போனார்கள். அவர்கள் விட்டுப்போன தறிகளில் மனைவிமார் நின்றார்கள்.

அவர்களில் ஒருத்தி, ஏழு மாதக் கர்ப்பிணி, ஒருநாள் காலையில் தறியருகிலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கணவன் போர்முனையில் இருந்தான். துணைக்கு இருந்தது அதே ஆலையில் கம்பளி அலசும் நாத்தனார் மட்டும்தான். அவள்தான் கைத்தாங்கலாக வீட்டுக்குக் கூட்டிப்போனாள். ஆஸ்பத்திரி அக்கரையில். பாலத்தைக் குண்டு தின்றுவிட்டது. ஆற்றில் வெள்ளம், படகும் விடவில்லை. உள்ளூர் மருத்துவச்சிதான் வந்தாள். மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. அழக்கூடத் தெம்பில்லை அதற்கு.

"மூச்சு இருக்கு. ஆனா உடம்பு சில்லிட்டுக்கிட்டே வருது. சூடு வேணும், விடாம வேணும்" என்றாள் மருத்துவச்சி.

வீட்டு அடுப்பில் சாம்பல்தான் இருந்தது. ஊருக்கு வந்த நிலக்கரியெல்லாம் ஆலைக்கே போனது. நாத்தனார் குழந்தையை மார்போடு அணைத்துச் சால்வையைச் சுற்றிக்கொண்டு பாய்லர் அறைக்கு ஓடினாள்.

பாய்லர்காரரை எல்லோரும் 'இடி' என்பார்கள். இரைச்சலில் பாதிக் காது போனவர். ரகசியத்தைக்கூட ஊருக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார்.

"யாரும் உள்ள வரக்கூடாதுன்னு போர்டு தொங்குதே, கண்ணு தெரியலையா?"

நாத்தனார் சால்வையை விலக்கிக் காட்டினாள். இடி குனிந்து பார்த்தார். தன் கோட்டைக் கழற்றி, சூடான சுவரோரம் மடித்து விரித்தார்.

சத்தம் கேட்டு மேஸ்திரி வந்தார். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர், சிரித்து யாரும் பார்த்ததில்லை. விரட்டப்போகிறார் என்று நாத்தனார் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"இங்க வச்சா கரித்தூளே கொன்னுடும். உலர்த்துற ரூமுக்குத் தூக்கிட்டுப் போம்மா" என்றார் அவர்.

அலசிய போர்வைகளைக் காயப்போடும் அறை அது. சுவரோரம் நீராவிக் குழாய்கள் ஓடின. வரிசையாகத் தொங்கிய ஈரப் போர்வைகளுக்கு நடுவே இதமான சூடு நிறைந்திருந்தது. ஒரு நூல் கூடையில் கம்பளியை மெத்தையாகப் பரப்பி, குழந்தையைக் கிடத்தினார்கள். தாயைத் தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அவள் கரண்டி நுனியில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டினாள். வேலை முடிந்த பெண்கள் முறைபோட்டுக்கொண்டு கூடைக்கருகில் உட்கார்ந்தார்கள்.

வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. அன்று பாய்லரை அணைத்தாக வேண்டும், தறி ஓடாமல் கரி வீணாகக் கூடாது. அணைந்தால் குழந்தை என்னாவது என்று தாய் மேஸ்திரியிடம் கேட்டாள். மேஸ்திரி தறிக்கூடத்தில் போய் நின்றார்.

"போர்வை அவசரமா வேணுமாம். லீவு நாள்ல யாரு வர்றீங்க? கூலி கிடையாது."

பாதிப் பேர் கை தூக்குவதற்குள் இடியின் குரல் கேட்டது: "எல்லாரும் வருவாங்க!"

அப்படியே வந்தார்கள், வாராவாரம். பாய்லர் அணையவே இல்லை. குழந்தை கன்னத்தில் சதை பிடித்தது, குரலும் வந்தது.

ஒருநாள் பட்டாளத்து அதிகாரி வந்து இறங்கினார். வேறெங்கும் இல்லாத அளவுக்குப் போர்வை குவிகிறதே, இவர்களுடைய தேசபக்தியை நேரில் பாராட்ட வேண்டும் என்றார். மேஸ்திரி நெளிந்தார். பாராட்டுரை பாதியில் இருக்கும்போது உலர்த்தும் அறையிலிருந்து வீலென்று ஒரு அழுகை.

"என்ன அது?"

"குழாய்ல... காத்து அடைப்பு ஐயா" என்றார் மேஸ்திரி. பொய் சொல்லிப் பழக்கமில்லாத முகம் வேர்த்துவிட்டது.

அதிகாரி நேராக உள்ளே போனார். கூடையின் முன் நின்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். தாய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"யாருக்காக நெய்தா என்னம்மா? குளிர்ல கிடக்கிறவனுக்குப் போர்வை போய்ச் சேருதில்ல?" என்றவர், மேஸ்திரியிடம் திரும்பினார். "அந்தக் காத்து அடைப்பை அவசரப்பட்டுச் சரிபண்ணாதீங்க. நல்லா இருக்கு."

அன்றுதான் மேஸ்திரி சிரித்ததை ஊர் பார்த்தது.

போர் முடிந்து கணவன் காலை இழுத்துக்கொண்டு திரும்பியபோது, மகள் தவழ்ந்து வந்து அவன் பூட்ஸைப் பிடித்தாள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"யாருக்குன்னு நன்றி சொல்றது? ஊரே செஞ்சிருக்கு" என்றாள் மனைவி.

"தம்பி, முதல்ல பாய்லர்காரரப் போய்ப் பாரு. வாரக்கணக்கா அந்த மனுஷன் வீட்டுக்கே போகல" என்றாள் நாத்தனார்.

அவன் போனான். கும்பிட்டான்.

"என்னை எதுக்குய்யா கும்பிடுற? கரி தள்ளினேன். அதுக்குத்தானே சம்பளம்!" என்று இடி கத்தினார்.

அவர் கையிலிருந்த மண்வாரியை அவன் வாங்கிக்கொண்டான். ஷிப்ட் முடியும்வரை அவனே கரி தள்ளினான். இடி மூலையில் காலை நீட்டி உட்கார்ந்து, "ஒரே இடத்துல கொட்டாத, பரப்பிப் போடு!" என்று திட்டிக்கொண்டே இருந்தார்.