தவறாமல் ஒரு லிட்டர்

மேட்டின் பாதியில் வண்டி நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று சொல்வதும் சரியில்லை. என்ஜின் கத்திக்கொண்டுதான் இருந்தது. ஆக்சிலரேட்டரை முறுக்க முறுக்கச் சத்தம் ஏறியது, வண்டி ஏறவில்லை. பின்னால் கட்டியிருந்த நான்கு பெட்டி ரொட்டியும் சேர்ந்து வண்டியைக் கீழ்நோக்கி இழுத்தன. ஆயிலார் இறங்கி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, ஹேண்டில்பாரில் நெஞ்சைக் கொடுத்துத் தள்ள ஆரம்பித்தார்.

நாற்பது அடிக்கு ஒருமுறை நின்று இருமினார். மேட்டு உச்சியில் கடைக்காரம்மா ஷட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பால் வாங்கிய பலர் ரொட்டி இல்லாமல் திரும்பிப் போயிருந்தார்கள். அவள் திட்டவில்லை. சீட்டில் வந்த நேரத்தை மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அந்த மாதத்தில் அது இரண்டாவது தாமதச் சீட்டு. மூன்றாவது வந்தால் வண்டி வேலை கிடையாது, மாவுக் கிடங்குதான்.

மாவுக் கிடங்கில் அவர் ஒன்பது வருடம் மூட்டை பிரித்துக் கொட்டியவர். அங்கே காற்றே வெள்ளையாக இருக்கும். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், இன்னொரு வருடம் அந்தத் தூசியில் நின்றால் பிறகு என்னிடம் வராதீர்கள் என்று சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் கெஞ்சிக் கூத்தாடி, சொந்த வண்டி வாங்கிக்கொண்டு, கடை கடையாக ரொட்டி போடும் வேலைக்கு மாறியிருந்தார். நாற்பதைத் தாண்டிய, இருமுகிற ஆளை வேறு எந்தக் கம்பெனியும் வாசலுக்குள் விடாது என்பது அவருக்குத் தெரியும். நான்கு இடங்களில் கேட்டும் பார்த்திருந்தார்.

அன்று மத்தியானம் சூப்பர்வைசரிடம் போய் ரிப்பேர் சீட்டு கேட்டார். என்ஜினுக்கு அடியில் எண்ணெய் வடிக்கும் போல்ட்டில் கம்பெனி ஒரு கம்பியைக் கோத்து ஈய முத்திரை போட்டிருந்தது. கம்பெனி கொடுக்கும் எண்ணெயை யாரோ வடித்து வெளியே விற்றுவிட்டதாக எழுந்த புகாருக்குப் பிறகு வந்த ஏற்பாடு அது. சூப்பர்வைசர் அவரைவிடப் பத்து வயது சின்னவர், மரியாதை தெரிந்தவர். குனிந்து குறடால் முத்திரையை வெட்டிவிட்டு, சீட்டில் "கிளட்ச்" என்று எழுதினார். முதல் தேதி மறுபடி முத்திரை போட வேண்டும், மறந்துவிடாதீர்கள் என்றார்.

ரயில் பாலத்துக்கு அடியில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மெக்கானிக் அக்கா, போல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்த மிச்சக் கம்பியைப் பார்த்துச் சிரித்தாள். வண்டிக்குத் தாயத்து கட்டியிருக்கிறாயா என்று கேட்டாள். எண்ணெயைத் தட்டில் வடியவிட்டு, வண்டியை ஒருபக்கம் சாய்த்து, கவரைக் கழற்றி, கிளட்ச் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணிமேல் வரிசையாக அடுக்கினாள். கருகிய வாடை வந்தது. சொரசொரப்பாக இருக்க வேண்டிய தட்டுகள் பீங்கான் மாதிரி வழவழவென்று மின்னின. அவள் வடிந்த எண்ணெயில் விரலைத் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"எந்த ஆயில் ஊத்துற, தம்பி?"

"கம்பெனி ஆயில்தான், அக்கா. மாசம் ஒரு லிட்டர்."

"கம்பெனியில வேன் ஓடுதா?"

"பதினோரு வேன் ஓடுது."

"அதானே பார்த்தேன்." அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "வேனுக்கு கிளட்ச் வெளியே, காய்ஞ்ச இடத்துல இருக்கு. என்ஜின்ல என்ன ஊத்தினாலும் அதுக்குத் தெரியாது. உன் வண்டியில கிளட்ச் ஆயிலுக்குள்ளயே உட்கார்ந்திருக்கு. வழுக்கவே கூடாத சாமானை, வழுக்குறதுக்குன்னே செஞ்ச ஆயில்ல ஊறப் போட்டிருக்கீங்க. எந்தப் புத்திசாலி செஞ்ச வேலை இது?"

ஆயிலார் தட்டில் கிடந்த கறுப்பு எண்ணெயைப் பார்த்தார்.

"நான்தான்," என்றார்.

அவருக்கு ஆயிலார் என்ற பட்டப்பெயர் வந்ததே அதனால்தான். போன வருடம் வரை நாற்பத்திரண்டு வண்டிக்காரர்களும் எண்ணெயைத் தங்கள் கைக்காசில்தான் வாங்கி ஊற்ற வேண்டியிருந்தது. பலர் மாற்றாமலே ஓட்டுவார்கள். இரண்டு பேருக்கு என்ஜின் இறுகிப் போனது. வேன்களுக்குப் பீப்பாய் பீப்பாயாக வருகிறதே, அதில் நமக்கும் கொடுத்தால் என்ன என்று முதலில் கேட்டவர் அவர்தான். கடிதத்தையும் அவரே எழுதினார். மூன்று தடவை அடித்து எழுதி, நான்காவது தடவை மனைவியிடம் படித்துக் காட்டினார். கம்பெனி இரண்டு மாதம் கொடுத்துவிட்டு மறந்துபோகும் என்ற பயத்தில், கடைசி நிமிடம் ஒரு வார்த்தையை இடையில் செருகினார். "அனைத்து வண்டிகளுக்கும் மாதம் ஒரு லிட்டர் எண்ணெய் தவறாமல் வழங்கும்படி" என்று ஆனது. கம்பெனி ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டதோடு நிற்காமல், அந்தக் கடிதத்தைக் கண்ணாடித்தாளில் ஒட்டி எண்ணெய்ப் பீப்பாய்க்கு மேலே சுவரில் மாட்டியது. அன்றிலிருந்து அவர் ஆயிலார். கூப்பிடுகிறவர்கள் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். ஆனால் அந்த "ஆர்" கொஞ்சம் நிஜமானது என்று அவருக்குத் தோன்றும்.

பழைய தட்டுகளைக் கழுவிப் போட்டால் பத்து நாள் தாங்கும், அதற்குமேல் தாங்காது என்றாள் அக்கா. புதுத் தட்டுகள் போட்டு, அதோடு பெரிய வண்டியின் ஸ்பிரிங் நான்கைப் போட்டால் நான்கு பெட்டி என்ன, ஐந்து பெட்டியோடும் மேடு ஏறும். வீட்டில் தையல் மிஷினுக்கு மோட்டார் வைக்க மனைவி ஒதுக்கி வைத்திருந்த பணம் இருந்தது. அவர் சரி என்றார். புதுத் தட்டுகளை மாட்டுவதற்கு முன்னால் நல்ல எண்ணெயில் மூன்று மணி நேரம் ஊறவைக்க வேண்டுமாம். தேன் நிறத்தில் இருந்த அந்த எண்ணெய்க்குள் தட்டுகள் மெதுவாக நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டு, கவிழ்த்த டயர் மேல் உட்கார்ந்திருந்தார்.

அப்போதுதான் நெட்டையரின் நினைப்பு வந்தது. நெட்டையரும் மேட்டு லைன்தான். ஐந்து மாதத்துக்கு முன்னால் அவர் வண்டியும் இப்படியே கத்திக்கொண்டு ஏறாமல் நின்றது. அரை கிளட்சில் ஓட்டி ஓட்டித் தட்டைக் கருக்கிவிட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆயிலாரும் சொன்னார். மூன்றாவது சீட்டு வந்த அன்று நெட்டையர் மாவுக் கிடங்குக்குப் போனார்.

கவரை மூடும்போது அக்கா பழைய பேக்கிங் தாளைப் பிளேடால் துளி விடாமல் சுரண்டி எடுத்தாள். கேபிளை இழுத்து, லீவரில் ஒரு நாணயம் நுழையும் அளவு இடைவெளி வைத்தாள். பிடித்துப் பார்க்கச் சொன்னாள். லீவர் கல்லாக இருந்தது.

"கை வலிக்கும், பழகிடும்," என்றாள். "ஆனா அந்த ஆயிலை மட்டும் மறுபடி ஊத்திடாதே. ஊத்தினா, ஸ்பிரிங்குக்குப் பதிலா இந்தப் பாலத்தையே தூக்கி வச்சு அழுத்தினாலும் நிக்காது."

ஆறு நாள் வண்டி பிசிறில்லாமல் ஓடியது. இரண்டாவது கியரிலேயே மேடு ஏறியது. கடைக்காரம்மா ஷட்டர் திறப்பதற்கு முன்னாலேயே அவர் போய் நின்றார். இடது கை மணிக்கட்டு வரை கடுத்தது. மனைவி வெந்நீரில் துணி நனைத்துச் சுற்றிவிட்டாள். நீங்கள் இருமி நாலு நாள் ஆகிறது, கவனித்தீர்களா என்று கேட்டாள். அவர் அப்போதுதான் கவனித்தார்.

முதல் தேதி வந்தது. ஷெட்டில் நாற்பத்திரண்டு வண்டிகளும் வரிசையாக நின்றன. எண்ணெய் ஊற்றி, போல்ட்டில் முத்திரை போட்டு, டேங்கில் அந்த மாதத்து ஸ்டிக்கர் ஒட்டினால்தான் கேட்டில் விடுவார்கள். ஆயிலார் வரிசையை விட்டு முன்னால் போய், அக்கா சொன்னதை வரிசை பிசகாமல் சூப்பர்வைசரிடம் சொன்னார். வேன் கிளட்ச் எங்கே இருக்கிறது, வண்டி கிளட்ச் எங்கே இருக்கிறது, நெட்டையர் வண்டி ஏன் நின்றது, எல்லாம் சொன்னார். சொல்லும்போதே, தான் சரியாகச் சொல்கிறோமா என்ற சந்தேகமும் வந்தது. கையோடு எழுதியும் கொண்டுவந்திருந்தார். சூப்பர்வைசர் முழுவதும் படித்தார். நியாயமாகத்தான் தெரிகிறது, மேலே அனுப்புகிறேன் என்று மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"பதில் எப்ப வரும், சார்?"

"போன கடிதத்துக்கு எவ்வளவு நாள் ஆச்சு?"

ஒன்பது மாதம் ஆகியிருந்தது.

"அதுவரைக்கும் என் வண்டியில இருக்கிற ஆயிலோடயே முத்திரை போட்டுடுங்க. புது ஆயில்தான். ஆறு நாள்தான் ஓடியிருக்கு."

"நாற்பத்திரண்டு வண்டி, நாற்பத்திரண்டு லிட்டர். சாயங்காலம் பீப்பாய்க்குள்ள கோல் விட்டு அளப்பாங்க. ஒரு லிட்டர் மிஞ்சினா நான்தான் பதில் சொல்லணும்." சூப்பர்வைசர் குரலைத் தாழ்த்தினார். "நான் என்னண்ணே செய்யட்டும்? ‘தவறாமல்’னு நீங்கதானே எழுதியிருக்கீங்க."

வரிசையில் யாரோ, ஆயிலாருக்கே ஆயில் சேரவில்லையாம், பத்தியம் சொல்லியிருக்கிறார்கள் என்றார். சிரிப்பு எழுந்தது. அவருக்குப் பின்னால் நின்றிருந்த இரண்டு பேர் மட்டும் சிரிக்கவில்லை. அவர்கள் வண்டிகளும் ஒரு வாரமாக மேட்டில் கத்திக்கொண்டிருந்தன. இருவரும் தங்கள் என்ஜினைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்கள். ஆனாலும் வண்டிகளை ஒரு அடி முன்னால் தள்ளினார்கள். கேட்டைத் திறக்க இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது.

போல்ட்டை ஆயிலாரே கழற்றினார். அக்கா ஊற்றிய எண்ணெய் இன்னும் தேன் நிறம் மாறாமல், அடியில் வைத்த தட்டில் இழையாக இறங்கியது. சூப்பர்வைசர் அந்தத் தட்டை எடுத்துக் கழிவு வாளியில் கவிழ்த்தார். பிறகு பீப்பாயிலிருந்து அளவுப் பாத்திரத்தில் ஒரு லிட்டர் பிடித்தார். புனலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, ஆயிலார் பிடித்துக்கொண்டார். பார்வைக்கு அதுவும் நல்ல எண்ணெயாகத்தான் இருந்தது. எதிரே, கண்ணாடித்தாளுக்குள் அவருடைய கையெழுத்து கோணாமல் வரிவரியாக நின்றது.

மாவுக் கிடங்கின் கதவிடுக்கில் நெட்டையர் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். புருவம் இமையெல்லாம் வெள்ளை. அவர் கையைத் தூக்கிக் காட்டினார். புனலை விட முடியாததால் ஆயிலார் தலையை மட்டும் அசைத்தார்.

சூப்பர்வைசர் முழங்கால் போட்டு உட்கார்ந்து, போல்ட்டில் கம்பியைக் கோத்து, ஈயத்தைக் குறடால் நசுக்கினார். டேங்கில் ஸ்டிக்கரை ஒட்டி, உள்ளங்கையால் நீவிவிட்டார்.

"அடுத்த வண்டி," என்றார்.